கப்பலும் தண்டவாளமும்

ஓர் அரசை நோக்கிக் குடிமக்கள் கேட்கத்தக்க வினாக்கள் பல. அவற்றுள் இரண்டு எக்காலத்தும் பழையன ஆவதில்லை. நாட்டின் பணம் கடல் கடந்து எங்கே செல்கிறது என்பது ஒன்று. நாட்டுக்குள் மக்களும் பொருள்களும் செல்லும் வழிக்கு என்ன செய்யப்படுகிறது என்பது மற்றொன்று. இன்று மலேசிய நாடாளுமன்றத்தில் உறுப்பினர் எழுந்து இவ்வினாக்களைத் தொடுக்கலாம். அமைச்சர் விடையளித்தாக வேண்டும். விடை அவைக்குறிப்பில் அச்சேறும். நூறாண்டுகளுக்கு முன்னர் நிலை இவ்வாறு இல்லை. அந்நாளிலும் அரசிடம் விடைகள் இருந்தன. ஆனால், தண்டவாளம் போட்ட கைக்குரியவர்கள் வினா எழுப்பத்தக்க இடம் எதுவும் இருக்கவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு இருப்புப் பாதையின் வரலாறு என்றால் மிகையாகாது. மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. எட்டுக் கல் தொலைவே உடைய அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து முன்னோடிப் படையினர் வரவழைக்கப்பட்டனர். மறு ஆண்டே, 1886 செப்டம்பரில், கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவிற்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் ஈயம் ஏற்றிய படகுகள் ஆற்றின் போக்கிற்கும் வறட்சிக்கும் கட்டுப்பட்டுக் கிடந்தன. டாமன்சாராவிலிருந்து மாட்டுவண்டிகள் சேற்றுப் பாதையில் தள்ளாடி வந்தன. சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் இப்பாதைக்காக விடாது வாதாடியவர். திறப்பு விழாவிற்கு ஆளுநர் வெல்ட் வந்திருந்தார். சுல்தான் அப்துல் சமாட் அவ்வண்டியில் பயணம் செய்துவிட்டு, தாம் ஏறிய மாட்டுவண்டிகளுள் இதுவே மிகச் சிறந்தது என்று கூறியதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. அதில் நகைச்சுவை மட்டுமன்றி நல்ல பொருளியல் அறிவும் உண்டு. ஏனெனில், அப்பாதை வண்டிக்கூலியைக் குறைத்தது. ஈயச் சுரங்கங்கள் பெருகின. ஏற்றுமதி வரியால் அரசின் கருவூலம் நிறைந்தது.

1890இல் கன்னாட் பாலம் கட்டி முடிக்கப்பட்டதும் பாதை ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்குள் புகுந்தது. 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றம் பெற்றது அதுவே. சதுப்பு நிலத்தை வெட்டித் திறந்த அத்துறைமுகத்தில் மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. அவ்வாண்டு தொடக்கத்தில் கிள்ளானுக்கு வந்து சேர்ந்திருந்த மருத்துவர் மால்கம் வாட்சன், நீர் தேங்கும் இடங்களை வடித்துக் கொசுவை ஒழிக்கும் முறையைக் கையாண்டு நகரையும் துறைமுகத்தையும் காப்பாற்றினார். உலக மருத்துவ வரலாற்றில் கிள்ளானின் பெயர் இடம்பெற்றது இதனால்தான். கால்வாய் வெட்டியவர்களின் பெயர் எங்கும் இடம்பெறவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் செங்கற்சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின்னர், அத்தாப்புக் குடில்களுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகள் எழவேண்டும் என்று அரசு விதித்தது. அச்சூளைகளின் நிலத்தருகே பின்னாளில் இருப்புப் பாதைக் கிடங்குகளும் ஊழியர் குடியிருப்புகளும் எழுந்தன. தண்டவாளம் போடவும் பழுது பார்க்கவும் தமிழகத்துத் தொழிலாளர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர். இவ்விரு சாராரும் ஒரே ஊரின் இரு தெருக்களில் வாழ்ந்து, ஒருவரை ஒருவர் சற்றுத் தள்ளியே நிறுத்தி வைத்திருந்தனர் என்பதும் வரலாற்றில் மறைக்கத்தக்கதன்று. கந்தசுவாமி கோயிலும் விவேகானந்தர் ஆசிரமமும் இந்த இருப்புப் பாதைக் காலத்தில் தோன்றியவையே. ‘நூறு வீடு’ என்று மக்கள் அழைத்த ஊழியர் குடியிருப்பும் அக்காலத்ததே. அது 2014ஆம் ஆண்டில் இடித்து அகற்றப்பட்டது.

இனி, இப்பாதைகள் ஈட்டித் தந்த வளத்தின் மறுபக்கத்தை நோக்குவோம்.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896 முதல் ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்னும் பெயரில் ஒரே ஆட்சியின்கீழ் இணைக்கப்பட்டிருந்தன. தலைநகர் கோலாலம்பூர். ஈயமும் பின்னர் ரப்பரும் தந்த வருவாயால் பிரிட்டிஷ் பேரரசின் செல்வச் செழிப்புள்ள பகுதிகளுள் ஒன்றாக அது விளங்கியது. 1909ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பாங்காக்கில் ஆங்கில–சயாமிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றின்மீது சயாம் கொண்டிருந்த உரிமைகள் பிரிட்டனுக்கு மாறின. இவ்வேற்பாட்டோடு இணைந்ததாகச் சயாமுக்கு ஒரு கடனும் வழங்கப்பட்டது. தொகை 40 இலட்சம் பவுன். வட்டி நூற்றுக்கு நான்கு. நோக்கம், மலாயா எல்லை வரை சயாமின் தென்பகுதி இருப்புப் பாதையை அமைத்தல். கடன் கொடுத்தது இலண்டன் கருவூலமன்று, ஐக்கிய மலாய் மாநிலங்களின் கருவூலம்.

அந்நாளில் ஏழு பவுனுக்கு அறுபது வெள்ளி என்பது நிலையான மாற்று விகிதம். அவ்வாறாயின், இக்கடன் மூன்று கோடியே நாற்பது இலட்சம் வெள்ளிக்கும் மேற்பட்டது. இதனை யார் ஆராய்ந்தனர்? யார் வினவினர்? வரவுசெலவை ஆராய்வதற்கென அமைக்கப்பட்ட கூட்டரசு மன்றம் முதன்முதலாகக் கூடியது 1909ஆம் ஆண்டு டிசம்பரில். உடன்படிக்கையோ மார்ச்சு மாதத்திலேயே முடிந்துவிட்டது. மன்றம் பிறக்கும் முன்பே அதன் மிகப்பெரிய செலவுகளுள் ஒன்று தீர்மானிக்கப்பட்டிருந்தது!

மன்றம் கூடிய பின்னர் மட்டும் நிலைமை மாறிவிட்டதா? மலாய் அரசர்களும் அரசு அதிகாரிகளும், நியமனம் பெற்ற சில தனியாரும் அதில் அமர்ந்தனர். தனியாருள் ஐரோப்பியத் தோட்டத் துரைமாரும் வணிகரும் மிகுதி. சீன சமூகத்தின் சார்பில் முதலில் லியோங் பீயும் பின்னர் இயூ தோங் செங்கும் இருந்தனர். இந்தியர் ஒருவரும் இல்லை. உறுப்பினர் வினா எழுப்பலாம். தலைமைச் செயலாளர் விடை கூறுவார். ஆனால் அதிகாரிகளின் வாக்குகளே மிகுதியாதலின், அரசு கொண்டுவந்த எதுவும் தோற்பதற்கு இடமில்லை.

1912ஆம் ஆண்டு நவம்பரில் அம்மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்கு முதல்தரப் போர்க்கப்பல் ஒன்றை ஐக்கிய மலாய் மாநிலங்கள் அன்பளிப்பாக வழங்குவது என்பதே அத்தீர்மானம். பேராக் சுல்தான் இட்ரிஸ் முன்னின்றவராகப் பதிவு பெற்றார். எதிர்ப்புக் குரல் எழாமல் அது நிறைவேறியது. குடியேற்ற நாட்டுச் செயலாளர் ஹார்கோர்ட் இலண்டன் பொதுமக்கள் சபையில் இதனை அறிவித்தார். கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு இது தக்க வேளையில் கிட்டிய உதவி. ஜெர்மனியோடு கப்பல் கட்டும் போட்டி கடுமையாக நடந்துகொண்டிருந்த காலம் அது. மலாய் ஆட்சியாளர்கள் தாமாகவே உவந்து அளித்த கொடை என்பதே அரசின் விடையாக இருந்தது. பிறகு இதுபற்றிக் குறிப்பிடப்பட்ட போதெல்லாம் அதே விடையே திரும்பவும் சொல்லப்பட்டது.

‘மலாயா’ என்னும் பெயருடன் அக்கப்பல் 1915 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்டது. அதற்கு ஆன செலவு 29,45,709 பவுன். வெள்ளிக் கணக்கில் இரண்டு கோடியே ஐம்பத்திரண்டு இலட்சம். இத்தொகையின் அளவை மாணவர் மனத்தில் பதியவைக்க ஓர் எளிய கணக்குப் போதும். 1920களின் பிற்பகுதியில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கப்பல் வழங்கப்பட்ட காலத்தில் கூலி இதனினும் குறைவாகவே இருந்தது. எனினும் 50 காசு என்றே கொள்வோம். அப்போதும் அக்கப்பலின் விலை ஐந்து கோடி நாள் உழைப்பின் கூலியாகும். ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை என்று வைத்தால், ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆடவர் ஓராண்டு முழுவதும் உழைத்துப் பெறும் ஊதியம் அது.

ஒருசார் நின்று வரலாறு எழுதுதல் தகாது. அரசின் பக்கத்திலும் நியாயம் ஒன்று உண்டு. மலாயாவின் ஈயமும் ரப்பரும் கடல் வழியாகவே சந்தைக்குச் சென்றன. அக்கடலைக் காத்தது பிரிட்டிஷ் கடற்படை. காவலுக்குப் பங்கு செலுத்துதல் முறையே என்று வாதிட்டனர். அவ்வாதம் வெறுமையானதன்று. கப்பலும் வீணாக நிற்கவில்லை. 1916 மே 31இல் ஜட்லாண்டுக் கடற்போரில் அது குண்டடிபட்டு, அதன் மாலுமிகளுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1921 ஜனவரியில் அது மலாயாவிற்கு வருகை தந்து போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நங்கூரமிட்டது. 1922 நவம்பரில் துருக்கியின் கடைசிச் சுல்தான் நாட்டைவிட்டு வெளியேறியதும் இக்கப்பலில்தான் என்பது பலரும் அறியாத செய்தி. 1948இல் உடைக்கப்படுவதற்காக விற்கப்பட்டது. ஆகவே கொடை தவறா சரியா என்பதன்று இங்குள்ள வினா. கொடுத்தவர் எனச் சொல்லப்பட்டவர் வேறு, அக்கொடைக்கு உழைத்தவர் வேறு. பின்னவரிடம் எவரும் கேட்கவில்லை.

அவர்களுக்கு அக்காலத்தில் கிடைத்தது என்ன? ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டத்தின் சொல் நன்றாகவே இருந்தது. நடைமுறையில் லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகையே பள்ளியாகவும், எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியராகவும் அமைந்த தோட்டங்கள் பல. இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் தொடக்கத்தை ஆராய்வோர், அதே ஆண்டுகளின் வெளிநாட்டுக் கொடைகளையும் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஏனெனில், 1926இல் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்திற்கென ஐக்கிய மலாய் மாநிலங்கள் மேலும் 20 இலட்சம் பவுன் வழங்கின. வெள்ளியில் இது ஒரு கோடியே எழுபது இலட்சம்.

இந்திய சமூகத்தின் சார்பில் கூட்டரசு மன்றத்தில் முதன்முதலாக ஒருவர் அமர்ந்தது 1928ஆம் ஆண்டில். அவர் கோலாலம்பூர் வழக்கறிஞர் எஸ். வீராசாமி. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கி அப்போது நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவரும் நியமனம் பெற்றவரே அன்றித் தேர்தலில் வென்றவர் அல்லர். ஆயினும் தமிழர் குறைகளை அவையில் எடுத்துரைக்க ஒரு வாய் கிட்டியது. வேளைதான் பொல்லாததாக இருந்தது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை வீழ்ந்தது. இருப்புப் பாதையின் வருவாயும் குறைந்தது. புதிதாகப் பெருகிய லாரிகளும் பேருந்துகளும் அதன் சரக்கையும் பயணிகளையும் பறித்தன. சாலையை வளர்ப்பதா, பெரும்பணம் முடக்கிய இருப்புப் பாதையைக் காப்பதா என்பது முப்பதுகளில் அரசுக்கு ஓயாத தலைவலியாயிற்று. தொழிலாளர் விஷயத்தில் அத்தகைய தலைவலி இல்லை. அவர்களைக் கப்பலேற்றி அனுப்பினால் போதுமானதாயிருந்தது. 1930 முதல் 1932 வரை அரசுச் செலவில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டோர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவர்.

போக்குவரத்து என்றதும் புகைவண்டியும் துறைமுகமும் மட்டுமே நினைவுக்கு வருதல் இயல்பு. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் மிதிவண்டியும் ஒன்று. தோட்டத் துரையோ மேலாளரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நடக்கவேண்டும் என்ற வழக்கம் இருந்தது. அதனை ஒழிக்கவேண்டும் என்றனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பெண்களை இழிவுபடுத்தாமை ஆகியவற்றோடு இதுவும் நின்றது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். வினாவிற்கு அரசு அளித்த விடை அவ்வளவுதான்.

அவ்வாண்டின் இறுதியில் சப்பானியர் வந்தனர். அதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி.

1909ஆம் ஆண்டுக் கடனால் சயாமின் பெட்சபுரிக்குத் தெற்கே இருப்புப் பாதை நீண்டு, 1918இல் பாடாங் பெசாரில் மலாயாவின் பாதையோடு இணைந்திருந்தது. கோலாலம்பூரில் ஏறியவர் பாங்காக்கை நோக்கி இருப்புப் பாதையிலேயே செல்லலாம் என்பது அந்நாளில் பெருமையாகப் பேசப்பட்டது. 1943இல் அப்பாதையில் ஏறியவர்கள் யார்? சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர். எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர், அவர்களுள் தோட்டத்துத் தமிழரே பெரும்பான்மையினர். நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லி அழைக்கப்பட்டவர் சிலர். பிடித்து ஏற்றப்பட்டவர் பலர். மூடிய சரக்கு வண்டிகளில் பல நாள் பயணம். பான்போங்கில் இறங்கிக் காட்டுக்குள் நடை. வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை ஆயிரமாயிரமாக அழித்தன. ஈயத்தின் வரியாலும் ரப்பரின் வியர்வையாலும் நிறைந்த கருவூலத்திலிருந்து போன பணம், முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அவ்வியர்வைக்குரியவர்களின் மக்களைச் சுமந்து செல்லும் தண்டவாளமாகக் கிடந்தது. இதனை எவரும் திட்டமிடவில்லை. 1909இல் கையெழுத்திட்டவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆயினும் நிகழ்ந்தது இதுவே.

தண்டவாளங்களுக்கு நேர்ந்ததும் குறிக்கத்தக்கது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்துச் சப்பானியர் அம்மரணப் பாதைக்குக் கொண்டுசென்றனர். போர் முடிந்த பின்னர், 1946இல், சயாமிலுள்ள பகுதியைப் பிரிட்டன் சயாமிய அரசுக்கு 12,50,000 பவுனுக்கு விற்றது. பறிக்கப்பட்ட பொருள்களுக்காக அண்டை நாடுகளின் இழப்பை ஈடுசெய்வதே அத்தொகையின் பயன் எனக் கூறப்பட்டது. தண்டவாளத்திற்கு விலை இருந்தது. எடையும் நீளமும் அளந்து கணக்கெழுத முடிந்தது. தோட்டத்து லயத்திலிருந்து போய்த் திரும்பாதவருக்கோ பல இடங்களில் பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

விடுதலை பெற்ற நாட்டில் வினாக்கள் கேட்கும் இடம் மாறியது. 1957க்குப் பின் தமிழர் வாக்களித்தனர், அவையில் அமர்ந்தனர், வி. தி. சம்பந்தன் போன்றோர் அமைச்சராக எழுந்து பிறர் வினாக்களுக்கு விடையளித்தனர். பிரிக்பீல்ட்ஸின் நெடுஞ்சாலை இன்று தாங்கி நிற்பது அவர் பெயரையே. பழைய கிடங்கு நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 1980இல் மலேசியா தானே தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கிப் பிற வளரும் நாடுகளுக்குப் பயிற்சியுதவி அளிக்கலாயிற்று. இச்செலவுகள் பற்றியும் அவையில் வினவலாம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இல்லாத உரிமை இது.

போர்க்கால இழப்பீடு பற்றிய வினாவும் இக்காலத்தில்தான் முறையாக எழுந்தது. 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் கோலாலம்பூரில் மலேசியாவும் சப்பானும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சப்பான் தர இசைந்தது இரண்டரைக் கோடி வெள்ளி. பணமாகவன்று, பெருங்கடலில் செல்லும் இரண்டு சரக்குக் கப்பல்களாக. 1912இல் கொடுக்கப்பட்ட கப்பலின் விலையும் ஏறத்தாழ இரண்டரைக் கோடி வெள்ளியே. இடையில் வெள்ளியின் மதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது என்பதை மறவாமல் இவ்வொப்பீட்டைக் காணவேண்டும். போர்க்காலத் துயரங்கள் தொடர்பான வினாக்கள் இத்துடன் முழுமையாகத் தீர்ந்தன என்று இரு அரசுகளும் ஏற்றுக்கொண்டன. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள் பலர் அப்போது முப்பது வயதைக் கடந்து, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தந்தையர் வெட்டிய மரங்களுக்குப் பதிலாக நடப்பட்ட மரங்களில் பால் எடுத்துக்கொண்டிருந்தனர்.